50 மி.மீ. எஃப் 1.8 போட்டும் என் ஏ.பி.எஸ்.சி. கமராவில் ஃபுல் பிரேம் அளவுக்குப் பின்னணி மங்கவில்லையே, சென்சர் சின்னன் என்பதாலா?

நேரடியாக இல்லை. (சென்சர் என்பது கமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் தகடு; ஃபுல் பிரேம் பழைய 35 மி.மீ. பிலிம் அளவுள்ளது, ஏ.பி.எஸ்.சி. அதைவிடச் சின்னன்.) சென்சரின் அளவு நீங்கள் நிற்கும் தூரத்தை அல்லது போடும் லென்ஸை மாற்றவைக்கிறது. வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது.

மணப்பெண் 2 மீற்றரில், 50 மி.மீ., எஃப் 1.8 என்று வையுங்கோ. ஃபுல் பிரேமில் முன்பின்னாகத் தெளிவாக விழும் ஆழம் சுமார் 17 செ.மீ. அதே இடத்தில் நின்று கனன் ஏ.பி.எஸ்.சி.யில் (22.3 × 14.9 மி.மீ.) எடுத்தால் 11 செ.மீ. ஓம், குறையும், சின்னச் சென்சரின் படத்தைக் கூடப் பெருப்பிக்கும்போது மங்கலும் சேர்ந்து பெருக்கும். கனபேர் குழம்புவது இதில்தான். ஆனால் உருவம் 1.6 மடங்கு பெரிதாக விழுவதால், அதே அளவில் அடக்க 3.2 மீற்றருக்குப் பின்வாங்குவீர்கள். அங்கே ஆழம் 28 செ.மீ.

பின்னணி மங்கலுக்கு வேறு கணக்கு. லென்ஸின் மி.மீ.யை (குவியத்தூரத்தை) எஃப் எண்ணால் வகுத்தால், லென்ஸ் ஒளியை உள்ளே விடும் துவாரத்தின் விட்டம் வரும்: 50/1.8 என்றால் 28 மி.மீ. வெகுதூரத்து மின்குமிழ் படத்தில் வட்டமாக விரியும்போது, முகத்தோடு ஒப்பிட்டால் அதே 28 மி.மீ., ஏறக்குறைய ஒரு கண்ணின் அகலம். 85 மி.மீ. எஃப் 1.8இல் 47. கமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸில், 55இல் எஃப் 5.6 என்றால், 10கூட இல்லை. போனில் 4 அளவில்தான். அதனால்தான் போர்ட்ரெயிட் மோட் மென்பொருளால் மங்கவைத்து, கொண்டையில் உள்ள பூச்சரத்தின் விளிம்பைக் கடித்துவிடுகிறது.

55-250 சூம் இருந்தால் 250இல் எஃப் 5.6, துவாரம் 45 மி.மீ. நல்லூர்த் திருவிழா இரவில் 10 மீற்றர் தள்ளி நின்று எடுத்தால் தூரத்து விளக்குகள் 85 மி.மீ. லென்ஸில் போலவே விரியும் (இடையில் சனம் குறுக்கே போகாவிட்டால்). கலியாண மண்டபத்தில் இது எடுபடாது: சுவர் ஆளுக்கு 4 மீற்றர் பின்னால் என்றால் சூம் தருவது 13 மி.மீ. மங்கல், 2 மீற்றரில் நிற்கும் 50 தருவது 19.

மணவறை அலங்காரம் ஒரு மீற்றர் பின்னால் இருந்தால் அந்த 50இலும் மங்கல் 9 மி.மீ.தான். ஃபுல் பிரேமும் 85உம் வாங்கினாலும் 16. தம்பதியை அலங்காரத்திலிருந்து 4 மீற்றர் முன்னுக்கு வரச் சொல்லுங்கோ, செலவில்லாமல் 19.

அந்த 85இல் எஃப் 1.8க்கு ஆழம் வெறும் 6 செ.மீ. மாப்பிள்ளை ஒரு தோள் பின்னால் இருந்தாலே அவர் முகம் மங்கிவிடும். எஃப் 2.8க்கு மூடினால் 9 செ.மீ., அதாவது இப்போதுள்ள கமராவின் 11க்குப் பக்கத்தில்.