காலை அழுத்தினால் குழி விழுகிறதே, அது எதைக் காட்டுகிறது?

தோலுக்கு அடியில், திசுக்களுக்கு இடையில் நீர் தேங்கியிருப்பதைக் காட்டுகிறது. பிசைந்து வைத்த சப்பாத்தி மாவில் விரல் பதிவது போலக் குழி விழும். அழுத்திய இடத்து நீர் பக்கவாட்டில் விலகி, மெதுவாகத்தான் திரும்பி வரும்.

கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்கம் எலும்பு தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலால் நிதானமாக அழுத்தி, குறைந்தது 5 வினாடி வைத்திருந்து எடுங்கள். பலர் கெண்டைக்கால் சதையை ஒரு நொடி தொட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அடியில் கெட்டியாக எலும்பு இருந்தால்தான் குழி சரியாகத் தெரியும். எடுத்ததும் தடவியும் பாருங்கள். லேசான குழி கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது.

ரத்தக்குழாயிலிருந்து கொஞ்சம் நீர் கசிவது இயல்புதான். இதயம் தளர்ந்தால் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், அழுத்தம் ஏறி, கசிவு கூடும். அல்புமின் என்ற புரதம்தான் நீரைக் குழாய்க்குள் பிடித்துவைக்கிறது. அது சிறுநீரில் வெளியேறினாலும், கல்லீரல் அதைப் போதிய அளவு தயாரிக்காவிட்டாலும் இதே கதைதான். நீர் தாழ்வான இடத்தில் சேரும். அதனால் படுக்கையிலேயே இருப்பவருக்குக் காலை மட்டும் பார்த்தால் போதாது, இடுப்பின் பின்பக்கத்தையும் அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கூடவே மூச்சு வாங்கினால் நேராக அவசர சிகிச்சைக்கு.

குழி விழுந்தாலே கிட்னி போய்விட்டது என்று பயப்படுவது தவறு. நெடுநேரம் நிற்பதும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையும்கூட இதைச் செய்யும், ஆனால் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.