அண்ணாந்து எடுக்கும் பனை, தென்னைப் படங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தென்னையின் அடியில் நின்று கொண்டையை எடுத்தால் மரம் மொத்தமும் கறுப்பாக வருகிறது. கேமராவில் கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. ஃப்ரேமில் முக்கால்வாசி வானம். அந்த வெளிச்சத்தைப் பார்த்து கேமரா எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியின் அளவை, குறைத்துவிடுகிறது, ஓலை இருட்டில் போய்விடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (+/- பொத்தான்) ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஏற்றுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு. போன் என்றால் திரையில் ஓலைமேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு எடுங்கள். ஓலை தெளியும், வானம் வெளுக்கும். வானம்தான் முக்கியம் என்றால் மரத்தை நிழலுருவமாகவே விட்டுவிடுங்கள், தென்னைக்கு அது பொருந்தும். வானமா ஓலையா என்பதை ஷட்டரைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் நேரத்தை மாற்றுவதுதான் வழி. காலையிலோ மாலையிலோ சூரியன் தாழ்ந்திருக்கும்போது, அதற்கு முதுகைக் காட்டி நின்று எடுங்கள். ஒளி மட்டைகளின் அடிப்பக்கத்தையும் தொடும், வானமும் நீலமாக நிற்கும்.

எத்தனை எடுத்தாலும் படம் சரியாக வரவில்லை. என்ன செய்யலாம்?

எந்த நேரத்தில் எடுத்தீர்கள், எந்த லென்ஸ், என்ன சரியில்லை என்று ஒரு வரிகூட இல்லை. படத்தையும் அனுப்பவில்லை. இதற்கு நான் என்ன பதில் எழுத முடியும்? அடுத்த முறை படத்தோடு எழுதுங்கள்.

என்ன லென்ஸ் வாங்கலாம்?

ஃபுல் ஃப்ரேமுக்கு (பெரிய சென்சார் கேமரா) 16 முதல் 24 மி.மீ., ஏபிஎஸ்-சி (அதைவிடச் சிறிய சென்சார்) என்றால் 10 முதல் 16. கையில் 18-55 கிட் லென்ஸ் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். 18-இல் வைத்து, மரத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள்.

போனின் அல்ட்ரா வைடில் மரங்கள் எல்லாம் உள்நோக்கிச் சாய்கின்றன. எடிட்டிங்கில் நிமிர்த்துவது எப்படி?

நிமிர்த்த வேண்டாம். சாய்வதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, போனை நீங்கள் அண்ணாத்திப் பிடித்திருப்பது. நேர்க்கோடுகளை இழுத்து நிமிர்த்தினால் மேலே உள்ள கொண்டை ஊதிப் பெருத்துவிடும், ஓரங்களும் வெட்டுப்படும். அரைகுறையாகச் சாய்ப்பதுதான் பிரச்சினை. ஒன்று, தூரப் போய் போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இல்லையென்றால் முழுக்க மல்லாத்தி நேர் உச்சியைப் பாருங்கள். அப்போது எல்லாத் தண்டுகளும் ஒரே புள்ளியை நோக்கி ஓடும். அந்தப் புள்ளி ஃப்ரேமில் எங்கே விழ வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் வேலை. ஒற்றை மரமாக இருந்தால் அதன் தூரை ஃப்ரேமின் ஒரு மூலையில் வைத்துத் தொடங்குங்கள். தண்டு குறுக்காக ஏறிப் போகும், கண்ணும் கூடவே ஏறும்.

ஃபோகஸ் எங்கே வைப்பது?

ஃபுல் ஃப்ரேமில் 16 மி.மீ., எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்) என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டரில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அரை மீட்டரிலிருந்து உச்சிவரை தெளிவாக இருக்கும். ஓலை இடுக்குகளில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும்.

ஓலை நுனிகளில் ஊதா நிறத்தில் ஒரு கோடு தெரிகிறது.

வெளுத்த வானத்துக்கு எதிரே மெல்லிய ஓலை நின்றால் பெரும்பாலான வைட் லென்ஸ்களில் இது வரும், ஃப்ரேமின் ஓரங்களில் கூடுதலாக. எஃப் 8-க்கு மூடுங்கள், தேவைக்கு மேல் எக்ஸ்போஷரை ஏற்றாதீர்கள். மிச்சத்தை ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடிட்டிங்கின்போது ஒரே சொடுக்கில் எடுத்துவிடலாம். அதற்கு முன் லென்ஸைத் துடைத்தீர்களா? மேலே பார்த்துப் பிடிக்கும் கண்ணாடியில் தூசியும் பூந்துகளும் நேராக வந்து உட்காரும்.

போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போடலாமா?

ஓலைக்காக என்றால் போடுங்கள். மழை விட்டதும் ஓலையின் வெள்ளைப் பளபளப்பை அது எடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் பச்சை வெளியே வரும். வானத்துக்காக என்றால் யோசியுங்கள். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானம்தான் அதிகம் கறுக்கும். சூரியன் தொடுவானத்தருகே இருக்கும்போது அந்தப் பட்டை உங்கள் நேர் உச்சி வழியாகப் போகும். வைட் லென்ஸில் நடுவே கருநீலமும் இருபுறமும் வெளிறலுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சமும் போகும்.

படம் சுத்தமாக வர, தொங்கும் பழைய மட்டைகளை வெட்டிவிட்டு, தண்டில் ஆணியடித்து எல்இடி விளக்கு மாட்டலாம் என்று இருக்கிறேன். எந்த வாட்ஸ் விளக்கு நல்லது?

விளக்கின் வாட்ஸைச் சொல்லமாட்டேன். ஆணியைக் கீழே வையுங்கள்.

இதே கேள்வி வேறு வேறு வடிவில் ஓயாமல் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது. மாமரத்தில் ஆணி இறங்கினால் சில வருடங்களில் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். பனைக் குடும்பத்து மரங்களுக்கு அந்த வழி இல்லை. தண்டைச் சுற்றிப் புதுத் திசுவை வளர்க்கும் அடுக்கே அவற்றுக்குக் கிடையாது. இன்று அடித்த ஆணியின் துளை மரம் இருக்கும்வரை அப்படியே இருக்கும், பூஞ்சை நுழைய அது வாசல். பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். புழு உள்ளே குடைந்து குருத்தை எட்டினால் தென்னைக்கு அதோடு முடிந்தது, ஏனென்றால் அதற்கு இருப்பது ஒரே ஒரு குருத்து.

மட்டை விஷயமும் இதே கதைதான். கீழ்மட்டை மஞ்சளாகிறது என்றால் பல நேரம் மரம் அதிலிருந்து பொட்டாசியத்தை உறிஞ்சிப் புது ஓலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை வெட்டினால் பற்றாக்குறை அடுத்த மட்டைக்கு ஏறும். முழுக்கக் காய்ந்து பழுப்பேறிய மட்டையை மட்டும் எடுங்கள். ராயல் பாம் போன்றவை அதையும் தாமே கழற்றிப் போட்டுவிடும். பனையின் காய்ந்த ஓலைகளையாவது வெட்டுவதற்கு முன் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். அந்த விசிறி மடிப்பின் அடிப்புறத்தில் இறகும் பஞ்சும் எச்சிலால் ஒட்டிய ஒரு சின்னக் கிண்ணம் தெரிந்தால், அது பனை உழவாரனின் கூடு. நீங்கள் 'சுத்தம்' செய்ய நினைக்கும் இடம் அதற்கு வீடு. நூறு மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும், தூரத்திலிருந்து, ஃப்ளாஷ் இல்லாமல்.

வெளிச்சம் வேண்டுமா? ஒரு டார்ச்சைத் தூரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளித் தரையில் வைத்து மேல்நோக்கித் திருப்புங்கள். சாயங்காலம் வானம் கருநீலமாகும் கால் மணி நேரத்தில், முக்காலியில் வைத்து எடுத்தால் தண்டின் ஒவ்வொரு மட்டைத் தழும்பும் நிழலோடு எழுந்து நிற்கும். கேமரா ஃப்ளாஷ் உச்சிக்குப் போய்ச் சேராது.

காற்றில் ஓலை மங்கலாகிறது.

ஷட்டர் வேகம் 1/250 வினாடி, பலமான காற்று என்றால் 1/500. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். எச்டிஆரை அணைத்துவிடுங்கள். அது இரண்டு மூன்று படங்களை ஒட்டும்போது ஆடிய ஓலை இரட்டையாகத் தெரியும். வேண்டுமென்றே மங்க வைக்க முக்காலி, அரை வினாடி: தண்டு அசையாமல் நிற்க, கொண்டை மட்டும் கரையும்.

சூரியனும் ஓலைக்குப் பின்னால் நட்சத்திரமாக மின்ன வேண்டும்.

எஃப் 16. சூரியன் ஓலை விளிம்பில் பாதி ஒளிந்திருக்க வேண்டும், முழுதாக வெளியே வந்தால் வெறும் வெள்ளைப் பொட்டல். டிஎஸ்எல்ஆரின் ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். திரையில் பாருங்கள். எடுத்ததும் மூடியைப் போடுங்கள்.

தரையில் படுத்துக்கொண்டு எடுக்கலாமா?

எடுக்கலாம், நல்ல கோணம். ஆனால் படுப்பதற்கு முன் மேலே பாருங்கள். முற்றிய தேங்காய் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், ராயல் பாம் மட்டை பல கிலோ. காய்க் குலைக்கும் தொங்கும் மட்டைக்கும் நேர் கீழே படுக்காதீர்கள். அங்கேதான் கோணம் கிடைக்கிறது என்றால் போனைத் தரையில் மல்லாத்தி, முன்கேமராவில் பத்து வினாடி டைமர் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பல முன்கேமராக்கள் போதுமான அளவு வைட்தான்.

எல்லாப் பனை வகையும் கீழிருந்து ஒரே மாதிரிதானே இருக்கின்றன?

அவசரமாகப் பார்த்திருக்கிறீர்கள். தென்னையில் அடுத்தடுத்த மட்டைகளுக்கு இடையே ஏறக்குறைய 140 பாகை. கீழிருந்து அது ஒரு சுழலாகத் தெரியும், சில மரங்களில் இடமாக, சில மரங்களில் வலமாக. பனையில் விசிறிகளின் மடிப்பு வெயிலை எதிரே வைத்தால் ஒளி ஊடுருவி நரம்பு நரம்பாக நிற்கும். கூந்தல்பனையின் ஓலை இரண்டு முறை கிளைத்து மீன்வால் போல முடியும், தண்டை ஒட்டி நின்றால் அதன் பூக்குலை சடைசடையாகத் தலைக்கு மேல் தொங்கும். அதற்குச் செங்குத்து ஃப்ரேம் வையுங்கள்.

ஆப் மூலம் வானத்தை மாற்றினால் தப்பா?

தென்னைக்கு வேண்டாம். ஓலை இடுக்குகளில் பழைய வெள்ளை மிச்சம் நிற்கும், பெரிதாக்கினால் தெரிந்துவிடும். நல்ல வானம் வரும் நாளில் மறுபடி போய் எடுங்கள்.