ஃப்ரீலான்ஸ் தளங்களில் நிஜமாகவே வேலை கிடைக்குமா? பதிவுக் கட்டணம் கேட்கிறார்களே, கட்டலாமா?

கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மார்த்தாண்டம் பக்கம் வீடு, பொறியியல் முடித்து இரண்டு வருடம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் சென்னை, பெங்களூர் என்று கிளம்ப முடியாது, டேட்டா என்ட்ரி வேலை தருவதாகச் சொல்லும் ஒரு கம்பெனி 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் பத்து வருடத்துக்கு முந்தைய நான்தான் இது. எங்கள் வீடு குலசேகரம் பக்கம். அப்பா அப்போது ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். நான் 2014-இல் ஈ.சி.ஈ. முடித்தேன். பிள்ளைகளைப் படிக்கவைக்க நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரும் தயங்குவதில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆனால் படித்து முடித்தவனுக்கு வேலை வேண்டுமென்றால் ஒன்று மாவட்ட எல்லையில் இருக்கும் ஆரல்வாய்மொழி தாண்ட வேண்டும், இல்லையென்றால் கடல் தாண்ட வேண்டும். இரண்டும் முடியாதவர்களைத்தான் இந்தக் கட்டணக் கம்பெனிகள் தேடிப் பிடிக்கின்றன.

எனக்கு 2015-இல் போன் வந்தது. ஒரு பெண், நல்ல தமிழ், பேச்சில் அவ்வளவு மரியாதை. 1,200 படிவம், பத்து நாள், ஒரு படிவத்துக்கு 20 ரூபாய், மொத்தம் 24,000. பாதுகாப்புத் தொகையாக 3,500 ரூபாய் மட்டும் கட்ட வேண்டும், முதல் சம்பளத்தோடு திரும்பி வந்துவிடும் என்றார். அந்த வருடம் ரப்பர் விலை அடிமட்டத்தில் கிடந்தது. 2011-இல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் போன ஷீட்டை அதில் பாதிக்குப் பக்கமான விலைக்குக் கடையில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர்) விற்றுச் சேர்த்து வைத்திருந்த காசை அப்பா எண்ணிக் கொடுத்தார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

படிவங்கள் எல்லாம் மங்கலான படங்கள். ஏதோ வெளிநாட்டுப் பெயர், முகவரி, எண்கள். பூஜ்யமா ஓ-வா, ஒன்றா எல்-லா என்று தெரியாது. ஓர் இடைவெளி கூடினாலும் பிழை. ஒன்பது இரவு உட்கார்ந்து முடித்தேன். கடைசி நாள் அவர்களுடைய இணையப் பக்கம் திறக்கவே இல்லை. மறுநாள் தர அறிக்கை வந்தது: 71 சதவீதம்தான் சரி, 98 வேண்டும், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 6,800 ரூபாய் கட்டாவிட்டால் வழக்கு. கூடவே மின்னஞ்சலில் ஒரு வக்கீல் நோட்டீஸ். "மக்ளே, போலீசு வீட்டுக்கு வருமா?" என்று மட்டும் அப்பா கேட்டார். அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. விடியுமுன் பால் வெட்டப் போகிற மனிதர், இரண்டு மணிக்கே முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்.

குழித்துறை கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் தூரத்துச் சொந்தக்கார அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல வக்கீலுக்க பதிவு நம்பரே இல்ல பாத்தியா? எவனுக்கும் பத்து பைசா குடுக்காத மக்ளே. இவன் கோர்ட்டுக்கு வரமாட்டான், வந்தா மாட்டுவான்" என்றார். அதேபோல ஒருவரும் வரவில்லை. மூன்று மாதம் போன் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. 3,500 போனது போனதுதான்.

இவ்வளவு விவரமாக ஏன் எழுதுகிறேன் என்றால், இதைச் சொல்லும்போதெல்லாம் "படித்த பிள்ளை இப்படியா ஏமாறும்" என்று கேட்பவர்கள் உண்டு. பதில்களின் கீழேயும் வருவார்கள். படித்தவர்களைக் குறிவைத்துத்தான் அந்த வலை விரிக்கப்படுகிறது. கணினி தெரிந்த, ஒப்பந்தத்துக்குப் பயப்படுகிற, வீட்டில் சும்மா இருக்கிறோமே என்று மனசுக்குள் கூசிக்கொண்டிருக்கிற ஆட்கள்தான் அவர்களுக்கு வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலை கிடைக்கும். ஆனால் "எந்த வேலையானாலும் செய்வேன்" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. நான் 2016 கடைசியில் அப்வொர்க்கில் சேர்ந்தேன். எலான்ஸ், ஓடெஸ்க் என்று இரண்டாக இருந்தவை இணைந்து 2015-இல் அந்தப் பெயருக்கு வந்த தளம். டேட்டா என்ட்ரி, டைப்பிங், இன்டர்நெட் ரிசர்ச் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்தேன். நாலு மாதம் ஒரு பதில்கூட இல்லை. உலகம் முழுவதும் அதே மூன்று சொல்லைப் போட்டு ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிற வரிசை அது.

பிறகு ஒருநாள் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஒலிப்பதிவு, கேட்டு எழுத்தாக்க வேண்டும், இரண்டு மொழியும் எழுதத் தெரிந்தவர் தேவை. விண்ணப்பித்திருந்தவர்கள் ஐந்து பேருக்கும் குறைவு. என் பாட்டி மலையாளம் பள்ளிக்கூடத்தில் படித்தவர். 1956 நவம்பர் 1 வரை நாம், கேரளத்துக்கு முந்தைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தோம். பாட்டிக்குக் கண் மங்கிய பிறகு மலையாளப் பத்திரிகையை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அதற்காகவே எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அது ஒரு தகுதி என்று என் பயோடேட்டாவில் ஒருநாளும் எழுதியதில்லை. இருபது நிமிடப் பதிவு, 12 டாலர். முதல் 500 டாலர் வரை 20 சதவீதம் தளத்துக்கு என்பதால் 2.40 போய், டாலர் ரூபாயாகும்போது இன்னும் கொஞ்சம் கழிந்து, கைக்கு வந்தது 570 சொச்சம். அதில் அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்தேன்.

அந்த முதல் கோப்பு திரும்பி வந்தது. காரணம் மலையாளச் சில்லெழுத்துகள், அதாவது உயிரொலி சேராத சில மெய்களுக்கு இருக்கும் தனி வடிவங்கள். கணினியில் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடில் 2008-இல்தான் அவற்றுக்குத் தனி இடம் கொடுத்தார்கள், அதற்கு முன் மெய்யெழுத்தோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்து எழுதுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் ஒன்றுக்கொன்று சிக்காது. நான் இரண்டு விசைப்பலகையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் கோப்பு முழுக்கக் கலந்து கிடந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பினேன். அந்தக் கிளையன்ட் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறவர், குளச்சலில் இருந்து விழிஞ்ஞம் வரை மீனவர்களிடம் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தார். திருத்திய விதத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பதிவுகளையும் எனக்கே கொடுத்தார்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். நம் பக்கத்து ஆளுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் ரப்பர் பாதி முறிந்து விழுந்தது, வாழை ஒன்றுகூட நிற்கவில்லை, கரண்ட் பல நாள் வரவில்லை. எனக்கு நாலு நாளில் முடிக்க வேண்டிய கோப்பு இருந்தது. லேப்டாப்பைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கிடைத்த பஸ்ஸெல்லாம் மாறி, களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரையில் சித்தி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து முடித்தேன். "பைய செய் மக்ளே, கண்ணு கெட்டுப்போவும்" என்று சித்தி கட்டன் சாயா போட்டுக்கொண்டே இருந்தார். தாமதமாகும் என்று கிளையன்டுக்கு முன்பே ஒரு வரி அனுப்பியிருந்தேன். அவரும் செய்தியில் பார்த்திருந்தார். அதற்கடுத்த வருடம் அவர் அனுப்பிய பதிவுகள் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து வீடுகளில் எடுத்தவை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள். கேட்டெழுதும்போது அழுகையையும் நேரம் குறித்து எழுத வேண்டும், மௌனத்தையும் எழுத வேண்டும். அவர்கள் சொன்னது எதையும் இங்கே எழுத மாட்டேன். ரகசியம் காக்க ஒப்பந்தம் உண்டு, இல்லாவிட்டாலும் எழுத மாட்டேன். வீட்டிலிருந்து செய்கிற "டைப்பிங் வேலை" என்று யாராவது சொன்னால் எனக்கு ஏன் கோபம் வருகிறது என்பது புரிவதற்காகச் சொன்னேன்.

கேட்டெழுதுவது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். தெளிவான ஒரு மணி நேரப் பதிவுக்கே நாலு மணி நேரம் வேண்டும். கடற்கரையில் காற்றோடு எடுத்த பதிவென்றால் ஏழெட்டு மணி நேரம்கூட ஆகும். இதில் எங்கள் வீட்டு வழியாகப் போகிற லாரிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். மலையை உடைத்த கல்லை ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கேரளத்துக்குப் போகின்றன. பத்துச் சக்கரம், பதினாறு சக்கரம். நம் ரோடு அந்தப் பாரத்துக்குப் போட்ட ரோடா? ஒரு லாரி போனால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, ஹெட்போன் மாட்டியிருந்தாலும் தரையின் நடுக்கம் காலில் தெரிகிறது. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற வழி அது. விபத்து நடக்கும், மறியல் நடக்கும், இரண்டு வாரம் லாரிகள் குறையும், மறுபடி வரும். நாங்கள் மனுக் கொடுத்து அலுத்துவிட்டோம். மலை போனால் திரும்பி வராது என்று யாரிடம் சொல்வது?

விட்ட இடத்துக்கு வருகிறேன். அப்வொர்க்கில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க டோக்கன் மாதிரி ஒன்று வேண்டும், அதற்குப் பெயர் கனெக்ட். நான் சேர்ந்தபோது அது மாதாமாதம் இலவசமாகக் கிடைத்தது. 2019 முதல் அதற்குக் காசு, ஒன்று 15 அமெரிக்க சென்ட், ஒரு விண்ணப்பத்துக்குப் பல கனெக்ட் போகும். "நீங்களே கட்டணம் கட்டாதே என்றீர்கள், இது மட்டும் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வித்தியாசம் இதுதான்: இங்கே வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்பதில்லை. தளம் கேட்பது விண்ணப்பச் செலவு, வேலை கிடைத்தால் கமிஷன். அந்தக் கமிஷன் 2023-இல் எல்லாருக்கும் 10 சதவீதம் ஆனது, 2025 முதல் வேலைக்கு வேலை மாறுகிறது. ஃபைவர் என்ற இன்னொரு தளத்தில் 20 சதவீதம். ஆனால் அங்கே நீங்கள் தேடிப் போக வேண்டாம், கடை போட்டு உட்கார்ந்தால் போதும். புதுக் கடைக்கு ஆள் வருவது சிரமம், அது உண்மை.

நிலையான தொகைக்குச் செய்கிற வேலை என்றால், கிளையன்ட் பணத்தைத் தளத்தில் கட்டிவைத்த பிறகுதான் கையை வையுங்கள். கட்டியிருப்பது உங்கள் பக்கத்திலேயே தெரியும். அவர் பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்பட்டிருக்கிறதா, முன்பு யாருக்காவது வேலை கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஒப்பந்தம் போடும் முன்பே "டெலிகிராமுக்கு வாருங்கள்" என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். நானும் ஒருமுறை வெளியே போய்ச் செய்து நாற்பது நிமிடப் பதிவுக்குக் காசு வராமல் நின்றிருக்கிறேன், தளத்தில் புகார் சொல்லக்கூட வழியில்லை. வரிக் கணக்கையும் வருடா வருடம் தாக்கல் செய்துவிடுங்கள். வீட்டுக்கடன் கேட்டுப் போனபோது பே ஸ்லிப் இல்லாத என்னை ஒரு வங்கி மூன்று தடவை திருப்பி அனுப்பியது. நாலாவது தடவை மூன்று வருடக் கணக்கை மேசையில் வைத்தேன், அப்போதுதான் படிவம் கொடுத்தார்கள்.

இயந்திரமே எழுதிவிடுகிறதே, இந்த வேலை இன்னும் எத்தனை நாளைக்கு என்று சொல்பவர்களுக்கு: ஆமாம், கட்டணம் இறங்கிவிட்டது. இப்போது எனக்கு வருவதில் பாதி, இயந்திரம் எழுதியதைத் திருத்துகிற வேலை. போன வாரம் வந்த கோப்பில் ஒரு பெரியவர் "வள்ளம் போச்சு" என்று சொன்னதை அது "வெள்ளம் போச்சு" என்று எழுதியிருந்தது. படகை இழந்தவரை வெள்ளம் வடிந்தது என்று சொல்லவைத்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்க நம் கடற்கரைப் பேச்சு காதில் இருக்க வேண்டும். இதை வைத்து நான் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கவில்லை. நல்ல மாதம் 40,000 வரும், மோசமான மாதம் 9,000. அப்பா பால் வெட்டுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது.

மார்த்தாண்டம் என்றால் மலையாளம் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். எழுதத் தெரியாவிட்டாலும் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். மொழி பிடிக்காது என்றால், கல்லூரியில் செய்த புராஜெக்டில் எந்த ஒரு பகுதியை நீங்களே உங்கள் கையால் முடித்தீர்கள் என்று யோசியுங்கள். அதை மட்டும் புரொஃபைலின் முதல் வரியில் போடுங்கள். எழுதியதைக் கருத்தில் போட்டால் வாசித்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. 2,500 ரூபாயைக் கட்டிவிட்டீர்களா, இன்னும் இல்லையா என்பது உங்கள் கேள்வியில் இல்லை. கட்டியிருந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் இன்றைக்கே 1930-க்கு போன் செய்யுங்கள், சைபர் குற்றப் புகாருக்கான எண். எங்கள் காலத்தில் அது இல்லை. பணம் போன நேரம், பரிவர்த்தனை எண், அவர்கள் பேசிய போன் நம்பர் மூன்றையும் முன்னால் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். வக்கீல் நோட்டீஸ் என்று ஏதாவது வந்தால், அதை முதலில் அம்மாவிடம் காட்டாதீர்கள்.