மகளுக்கு டிஜிட்டல் பியானோ: தவணையில் வாங்குவதா, சேர்த்து வாங்குவதா?

கேள்வி: நாங்கள் திருச்சி உறையூரில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். என் சம்பளமும் கணவரின் சம்பளமும் சேர்ந்து மாதம் 68,000 ரூபாய் கைக்கு வருகிறது. எல்லாச் செலவும் போக 7,000 ரூபாய் மிஞ்சும். ஒன்பது வயது மகள் ஓராண்டாகப் பியானோ வகுப்புக்குப் போகிறாள். மாதக் கட்டணம் 2,000 ரூபாய். வீட்டில், உறவினர் இரவலாகக் கொடுத்த 61 கட்டை கீபோர்டில் பழகுகிறாள். ஆண்டு இறுதியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஆசிரியர் 88 கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ வாங்கச் சொல்கிறார். கடையில் மூன்று விலை சொன்னார்கள்: புதிய 61 கட்டை கீபோர்டு 11,500 ரூபாய், தொடக்கநிலை டிஜிட்டல் பியானோ 42,000 ரூபாய், மரப்பெட்டி அமைப்புடன் கூடியது 92,000 ரூபாய். நடுவில் உள்ளதை வட்டியில்லாத் தவணையில் மாதம் 7,000 வீதம் ஆறு மாதம் கட்டலாம், முழுப் பணத்தையும் உடனே கட்டினால் 40,000 என்றார்கள். எங்களிடம் அவசரத்துக்கென்று 1,20,000 ரூபாய் வைப்புநிதி இருக்கிறது. அதை உடைக்கலாம் என்கிறார் கணவர். மகளின் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் மாதம் கட்டும் 2,000 ரூபாயைச் சில மாதம் நிறுத்தலாமா என்று நான் யோசிக்கிறேன். எதை வாங்குவது, எப்படி வாங்குவது?

பதில்: நடுவில் உள்ள டிஜிட்டல் பியானோவை, ஆறு மாதம் பணம் சேர்த்து, முழுத் தொகையையும் கட்டி வாங்குங்கள். வைப்புநிதியைத் தொட வேண்டாம்; செல்வமகள் கணக்கையும் நிறுத்த வேண்டாம். இப்படிச் சொல்வதற்குக் காரணம் பாதி பியானோவுக்குள்ளும் பாதி உங்கள் கணக்கு நோட்டிலும் இருப்பதால், முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1700-ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி பியானோவை உருவாக்கியபோது, மெல்லவும் உரக்கவும் வாசிக்கக்கூடியது என்ற பொருளில்தான் அதற்குப் பெயர் அமைந்தது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டும். விரல் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு உரக்க ஒலிக்கும். டிஜிட்டல் பியானோவில் கம்பி இல்லையென்றாலும், அந்தச் சுத்தியலின் கனத்தைக் கட்டைக்கு அடியில் எடை வைத்து அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். இடப்பக்கக் கட்டைகள் சற்றுக் கனமாகவும் வலப்பக்கம் போகப்போக இலேசாகவும் இருக்கும். 11,500 ரூபாய் கீபோர்டில் அந்த எடை கிடையாது. விரலை எதிர்ப்பது வெறும் சுருள்வில்தான். வகுப்பில் எடையுள்ள கட்டையிலும் வீட்டில் வில் கட்டையிலும் பழகும் குழந்தைக்கு, வகுப்புக்குப் போகும்போதெல்லாம் கருவி புதிதாகத் தோன்றும். ஆசிரியர் சொல்வது இதைத்தான்.

இன்றைய தொடக்கநிலைக் கருவிகளில் யமஹா பி-145, காசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10 ஆகிய மூன்றும் எடையிட்ட 88 கட்டைகள் கொண்டவை. முதல் இரண்டிலும் பத்தே பத்து ஒலிகள்தான் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான ஒலிகளும் தாளங்களும் உள்ள கீபோர்டு 11,500 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, பத்து ஒலி உள்ளதற்கு 40,000 ரூபாயா என்று உங்கள் கணவர் கேட்டிருப்பார். எல்லா வீட்டிலும் கேட்பதுதான். நீங்கள் பணம் கொடுப்பது ஒலிகளின் எண்ணிக்கைக்கு அல்ல, கட்டையின் கனத்துக்கு. இந்த மூன்றில் எதை எடுத்தாலும் உங்கள் மகளின் முதல் நான்கைந்து ஆண்டுக்குக் குறை வராது என்பது என் கருத்து. மூன்றையும் வாசித்துப் பார்த்து, குழந்தையின் விரலுக்குப் பிடித்ததை வாங்குங்கள்.

ஒரே ஒரு சூழலில் மட்டும் என் பதில் மாறும். உங்கள் மகளுக்கு உண்மையில் பிடித்தது சினிமாப் பாட்டைத் தாளத்தோடு வாசிப்பதும், கோயிலிலோ தேவாலயத்திலோ பாடகர் குழுவுக்குத் துணையாக வாசிப்பதும்தான் என்றால், டிஜிட்டல் பியானோ அவளுக்கு ஏமாற்றமாகவே இருக்கும். அதில் தாளம் போடும் வசதியை எதிர்பார்க்க முடியாது, கமகத்தை ஓரளவாவது காட்ட உதவும் சுருதி வளைக்கும் சக்கரமும் மேற்சொன்ன மூன்று கருவிகளிலும் இல்லை. அப்படியானால் நல்ல கீபோர்டே சரி. அவளையே கேளுங்கள், ஒன்பது வயதுக் குழந்தைக்கு இதற்குப் பதில் தெரியும்.

92,000 ரூபாய்க் கருவியைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒலிபெருக்கி நன்றாக இருக்கும், மூன்று பெடல் இருக்கும், கூடத்தில் பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த வகைக் கருவிகள் 40 கிலோவை ஒட்டிய எடை கொண்டவை. தொடக்கநிலைக் கருவியோ 11 கிலோவை ஒட்டித்தான் இருக்கும்; வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீடு மாறும்போது அதை ஒருவரே தோளில் தூக்கிக்கொண்டு போகலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். விலையை மட்டும் பார்த்தால் 11,500 ரூபாய் மலிவுதான். ஆனால் ஒரு பொருளின் உண்மைச் செலவு என்பது, வாங்கிய விலையிலிருந்து விற்கும்போது கிடைப்பதைக் கழித்து, மீதியைப் பயன்படுத்திய மாதங்களால் வகுத்தால் வருவது. ஒன்றரை ஆண்டில் ஆசிரியர் கட்டாயப்படுத்தி அந்தக் கீபோர்டை 3,000 ரூபாய்க்குத் தள்ளிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 18 மாதத்தில் 8,500 ரூபாய் போகிறது. மாதத்துக்கு 472 ரூபாய். நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய பியானோவை நான்கு ஆண்டு கழித்துப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் 48 மாதத்தில் 20,000 ரூபாய்தான் போகிறது; மாதத்துக்கு 417 ரூபாய். இவை நான் அனுமானமாக எடுத்துக்கொண்ட எண்கள், ஆயிரம் இரண்டாயிரம் முன்பின் ஆகலாம். ஆனாலும் மலிவு என்று நினைத்தது மலிவாக இல்லை என்பது தெரிகிறது. நான் என் மகனுக்கு இப்படித்தான் ஒரு 61 கட்டை கீபோர்டு வாங்கினேன். அது பரணில் பழைய போர்வை சுற்றிக் கிடக்கிறது. அதன் அடாப்டர் எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வகுப்புக் கட்டணம் ஆண்டுக்கு 24,000 ரூபாய். இரண்டு ஆண்டில் 48,000. அதாவது உங்கள் பெரிய செலவு கருவி அல்ல, வகுப்புதான். வீட்டுப் பயிற்சி சரியாக நடக்கவில்லை என்றால் வீணாவது அந்தப் பணம்.

வட்டியில்லாத் தவணை என்ற பெயரை நம்பி விடாதீர்கள். கடன் அட்டைத் தவணைகளில் பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கடை விலையில் 1,778 ரூபாயைக் குறைத்து 40,222 ரூபாயை வங்கி கடனாகக் கணக்கிடும், அதே 1,778 ரூபாயை உங்களிடம் வட்டியாக வாங்கும், கூட்டினால் 42,000 வரும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். அது 320 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் அதன் ஜிஎஸ்டியும் சேர்ந்து 235. ஆக, நீங்கள் கொடுப்பது 42,555 ரூபாய். ஆனால் உடனே பணம் கட்டுபவருக்கு அதே கருவி 40,000 ரூபாய்க்குக் கிடைக்கிறதே! இந்த 2,555 ரூபாய் வித்தியாசத்தை, மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் கடனுக்கான வட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 22 சதவீதம் ஆகிறது. கடன் அட்டைக்குப் பதிலாக நிதி நிறுவனக் கடனாகக் கொடுக்கிறார்கள் என்றால், கடனின் விவரங்களைச் சுருக்கமாகக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள ஆண்டுச் செலவு விகிதத்தைப் படியுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் அதைக் கொடுப்பது கட்டாயம்.

தவணைக்குக் கட்ட நினைத்த அதே 7,000 ரூபாயை ஆறு மாதத் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போட்டால், 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 42,800 ரூபாய் கையில் இருக்கும். 40,000 ரூபாய்க்குக் கருவி; மீதி 2,800 ரூபாய் ஸ்டாண்டுக்கு ஆகும். இரவல் கீபோர்டைத் திருப்பிக் கொடுக்க ஏழு மாதம் இருப்பதால் இடையில் பயிற்சியும் நிற்காது. தொடக்கப் பாடங்கள் பெரும்பாலும் நடுக்கட்டைகளைச் சுற்றியே அமைவதால் 61 கட்டை அதுவரை போதும். விரல் பழக்கத்துக்காக, வகுப்புக்கு முன்போ பின்போ கால் மணி நேரம் ஆசிரியரின் பியானோவில் வாசிக்க அனுமதி கேளுங்கள். ஆறு மாதத்தில் ஆர்வம் குறைந்துவிட்டால் பணம் வங்கியிலேயே இருக்கும்; தவணையில் வாங்கியிருந்தால் ஆர்வம் போனபிறகும் தவணை போகாது.

உங்கள் மாதச் செலவு, செல்வமகள் கணக்குக்குக் கட்டுவது நீங்கலாக, 59,000 ரூபாய் வருகிறது. 1,20,000 ரூபாய் வைப்புநிதி அதற்கு இரண்டு மாதம்தான் தாங்கும். மூன்று மாதச் செலவுக்காவது அது வளர வேண்டிய நிலையில் அதிலிருந்து எடுப்பது சரியல்ல. செல்வமகள் கணக்கில் ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும் என்பதால், சில மாதம் நிறுத்துவதால் சட்டப்படி ஒன்றும் ஆகாது. ஆனால் நிறுத்தியதை மீண்டும் தொடங்கியவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

கடைக்காரர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய செலவும் உண்டு. பெட்டியோடு வரும் பெடல் பெரும்பாலும் ஒரு சிறிய சதுரப் பலகைதான். அது தரையில் நழுவும், உடனே இல்லாவிட்டாலும் நல்ல பெடல் ஒன்று தேவைப்படும். உயரம் மாற்றக்கூடிய இருக்கை, அண்டை வீட்டார் தூங்கும் நேரத்துக்கு ஹெட்ஃபோன், தூசிக்கு ஓர் உறை, மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்குப் பாதுகாப்பான ஒரு பிளக் ஆகியவற்றுக்கென ஐயாறாயிரம் ஒதுக்குங்கள்; அது ஏழாம் மாத மிச்சம். எக்ஸ் வடிவ ஸ்டாண்டு வாங்குவதானால் கருவியை அதன்மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். குழந்தை கொஞ்சம் அழுத்தி வாசித்தாலே சில ஆடும்.

பழைய கருவி 25,000 ரூபாய் அளவில் கிடைத்தால், அதை இன்னும் முன்னதாகவே, நான்கு மாதச் சேமிப்பில் வாங்கலாம். நேரில் போய், இடது கோடியிலிருந்து வலது கோடி வரை 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக முதலில் மெல்ல, பிறகு அழுத்தி வாசியுங்கள். மெல்லத் தொட்டபோதே ஏதாவது ஒரு கட்டை திடீரென உரக்கக் கத்தினால் அதன் உணரி தேய்ந்திருக்கிறது. ஒலியைக் குறைத்துவிட்டு வாசிக்கும்போது பக்கத்துக் கட்டைகளைவிட ஒன்று மட்டும் ‘டக்’கென்று தட்டினால் உள்ளே மெத்தை போயிருக்கிறது. பெடலை மாட்டி மிதித்துப் பாருங்கள். கருவியின் சொந்த அடாப்டர்தானா என்றும் பாருங்கள். பில் இல்லாத பழைய கருவி வேண்டாம்.

சென்னைக்கு வரும் வாய்ப்பு இருந்தால், அண்ணா சாலையில் 1842 முதல் இயங்கிவரும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைக்கு மகளையும் அழைத்துப் போய் அரை மணி நேரம் வாசிக்கவிடுங்கள். வாங்குவதைத் திருச்சியிலேயே வைத்துக்கொள்ளலாம், உத்தரவாதக் காலத்தில் பழுது என்றால் தூக்கிக்கொண்டு போக வசதி. பில்லில் கருவியின் வரிசை எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.