பாதி டோஸ் ஏன் என்று கேட்கிற பெண்ணுக்கு ஜார்ஜியா எதற்கு?

திண்டுக்கல் பக்கமிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். நீட் இரண்டு முறை எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை. பெரியப்பா ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்க ஏஜென்ட்டைப் பிடித்துவிட்டார். ரோட்டோரத் தோட்டத்தை விற்றுவிடலாம் என்கிறார். போன வருஷம் தாத்தா பெருங்குடல் புற்றுநோயில் இறந்தார், கல்லீரல் வரை பரவியிருந்தது. அந்தக் கடைசி மாதங்களில் இந்தப் பெண் அவருடைய பிலிரூபின் (ரத்தத்தில் கூடினால் மஞ்சள் காமாலை காட்டும் நிறமி) அளவை தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டே வந்திருக்கிறாள். “டாக்டர் ஏன் கீமோவைப் பாதி டோஸாகக் குறைத்தார், ஏன் முக்கால் இல்லை என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கவனம் சிதறுகிறதோ என்று பயமாக இருக்கிறது” என்கிறார் அம்மா.

அம்மா, கவனம் சிதறவில்லை. உங்கள் வீட்டில் யாருடைய கவனமாவது சிதறியிருக்கிறது என்றால் அது பெரியப்பாவுடையது.

முதலில் கணக்கு. இப்போதைய விதிப்படி வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். குறைந்தது 54 மாதம். அங்கேயே 12 மாதம் பயிற்சி. திரும்பி வந்து 300க்கு 150 எடுத்தால்தான் தேர்ச்சி என்கிற தகுதித் தேர்வு. எழுதுகிறவர்களில் தேறுகிறவர்கள் சிறுபான்மையினர்தான். பிறகு இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி. அவள் கேட்கும் கேள்வியின் பக்கம் வர, அதற்கு மேல் எம்.டி. மேற்படிப்பு 3 வருஷம், புற்றுநோய் நிபுணராக டி.எம். 3 வருஷம். ஆக, 12 வருஷத்துக்கு மேல். தோட்டம் முதல் இரண்டு வருஷத்திலேயே கரைந்துவிடும். விற்காதீர்கள். இதில் நான் இழுத்துப் பேசப் போவதில்லை.

நர்சிங், இன்ஜினியரிங், பி.எஸ்சி. பற்றியெல்லாம் தெருவில் நாலு பேர் சொல்வார்கள். அவற்றை விடுகிறேன். உங்கள் ஊரில் மெடிக்கல் ஷாப் படிப்பு என்று தள்ளிவிடுகிற ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவோம்: பார்ம்.டி., அதாவது டாக்டர் ஆஃப் பார்மசி. பிளஸ் டூவுக்குப் பிறகு 6 வருஷம். 5 வருஷம் படிப்பு, 1 வருஷம் மருத்துவமனைப் பயிற்சி. இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் போதும். நீட் வேண்டாம். 2008இல் இந்திய மருந்தாளுமை மன்றம் விதிமுறை போட்டுத் தொடங்கிய படிப்பு. மூன்றாம் ஆண்டு மருந்துச் சிகிச்சைப் பாடத்தில் புற்றுநோய் வருகிறது. நான்காம் ஆண்டில் மருந்து உடலுக்குள் எப்படிப் பரவிக் கழிகிறது என்ற மருந்தியக்கவியல், கூடவே புள்ளியியல். ஐந்தாம் ஆண்டில் கிளினிக்கல் ரிசர்ச் ஒரு தனிப் பாடம்.

இனி அவள் கேள்விக்கு வருகிறேன். அந்த டாக்டர் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. புதுக் கீமோ மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகளில், பிலிரூபின் கூடுதலாக உள்ளவர்களைப் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருந்து சந்தைக்கு வந்தபின் அதே நோயாளிகள்தான் வார்டில் படுத்திருப்பார்கள். சிறுநீரகம் பழுதென்றால் கிரியேட்டினினை வைத்து ஒரு சூத்திரம் போட்டு டோஸைக் குறைக்கலாம். கல்லீரலுக்கு அப்படி ஒற்றை எண் கிடையாது. அதனால் கல்லீரல் பழுதான, முற்றிய புற்றுநோயாளிகளுக்கு என்றே தனியாக டோஸ் ஆய்வு நடத்த வேண்டியிருக்கிறது.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வுக்குழு இதற்காக வகுத்த பிரிவுகளுக்கு இரண்டே ரத்தப் பரிசோதனை போதும்: மொத்த பிலிரூபின், ஏ.எஸ்.டி. என்கிற கல்லீரல் நொதி. பிலிரூபின் சரியாக இருந்து ஏ.எஸ்.டி. மட்டும் கூடினாலோ, பிலிரூபின், லேப் இயல்பு என்று போடும் உயர்வரம்பைத் தாண்டி அதைப் போல 1.5 மடங்குக்குள் இருந்தாலோ லேசான குறைபாடு. 1.5 முதல் 3 மடங்கு வரை நடுத்தரம். 3 மடங்கைத் தாண்டினால் கடுமை. சைல்டு-பியூ என்று இன்னொரு மதிப்பெண் முறை உண்டு. அது சிரோசிஸ் என்கிற கல்லீரல் தழும்பு நோயாளிகளுக்காக வந்தது. ரத்தப் புரதமான அல்புமினையும் வயிற்று நீரையும் அது கணக்கில் சேர்க்கும். புற்றுநோயாளிக்கு அல்புமின் குறைவது சாப்பிட முடியாததாலும் இருக்கலாம், வயிற்றில் நீர் கோர்ப்பது வயிற்றுச் சவ்வில் கட்டி பரவியதாலும் இருக்கலாம். அந்த மதிப்பெண் கல்லீரலின் மேல் வீண்பழி போட்டுவிடும்.

உங்கள் மகளிடம் ஒரு கணக்கைக் கொடுங்கள். தாத்தாவின் பிலிரூபின் 3.4 என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட் கொடுத்த லேப்பின் உயர்வரம்பு 1.2 என்றால் அது 2.8 மடங்கு, நடுத்தரம். உயர்வரம்பு 1.0 என்று போடும் லேப் என்றால் 3.4 மடங்கு, கடுமை. அதே ஆள், அதே ரத்தம்; பிரிவு மாறுகிறது, டோஸும் மாறுகிறது. பிளஸ் டூ கணக்குதான். இதைக் கவனிக்காமல் நோயாளியைத் தப்பான பிரிவில் போட்டுவிடுவது இந்த வேலையில் எளிதில் நேர்கிற தவறு.

பிரிவுக்கு ஒரு படிக்கட்டு என்று டோஸ் தனித்தனியாக ஏறும். பழைய முறைப்படி மூன்று பேருக்குக் கொடுப்பார்கள். ஒருவருக்கும் தாங்க முடியாத பக்கவிளைவு வராவிட்டால் அடுத்த படி. ஒருவருக்கு வந்தால் அதே படியில் இன்னும் மூன்று பேர். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் அத்தோடு நிறுத்தம். இப்படி ஏறிக் கண்டுபிடித்த எண்கள் இன்று புழக்கத்தில் இருக்கின்றன. போர்டெசோமிப் என்கிற புற்றுநோய் மருந்து சாதாரணமாக உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 1.3 மி.கி. நடுத்தர, கடுமையான கல்லீரல் குறைபாட்டில் ரத்தத்தில் மருந்துச் சுமை ஏறக்குறைய 60 சதவீதம் கூடுகிறது. அதனால் முதல் சுற்றில் 0.7 மி.கி. ஜெம்சிடபின் என்கிற இன்னொரு மருந்தில் வேறு கதை. ஏ.எஸ்.டி. மட்டும் கூடியவர்களுக்கு டோஸைக் குறைக்கத் தேவையில்லை. பிலிரூபின் கூடியவர்களுக்கு 1000க்குப் பதில் 800 மி.கி.யில் தொடங்கச் சொன்னது 2000இல் வந்த ஆய்வு. பாதியா முக்காலா என்பதற்கு மருந்துக்கு மருந்து விடை வேறு. அவள் கேள்வி சரியான கேள்வி.

இதில் பார்ம்.டி. படித்தவருக்கு என்ன வேலை? நோயாளிக்குப் பித்தக்குழாய் அடைப்பு இருந்தால் முதலில் ஸ்டென்ட் என்கிற சிறு குழாய் வைத்து, பிலிரூபின் இறங்கி ஒரு நிலைக்கு வந்த பிறகே பிரிவைத் தீர்மானிக்க வேண்டும். கில்பர்ட் என்கிற பிறவித் தன்மையால் பிலிரூபின் கூடியவர்களைத் தனியே இனம் காண வேண்டும். அவர்களுக்குக் கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத மறைமுக பிலிரூபின்தான் கூடியிருக்கும். சேர்த்த நாளுக்கும் மருந்து ஏற்றும் நாளுக்கும் நடுவில் ஒரு வாரம் போனால் அளவு ஏறிப் பிரிவே மாறிவிடும், ஆகவே ஏற்றுவதற்கு முன் மறுபடி பரிசோதனை.

பிறகு ரத்தம் எடுக்கும் நேரம். மருந்துக்கு முன், ஏற்றி முடித்தவுடன், அரை மணி, 1, 2, 4, 8, 24 மணி என்று ஆய்வுத் திட்டத்தில் அட்டவணை இருக்கும். ஊதா மூடிக் குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, சொன்ன நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, பிளாஸ்மாவை இரண்டு குப்பியில் பிரித்து, மைனஸ் 70 டிகிரியில் போட வேண்டும். எங்கே தப்பும்? மருந்து ஏறிய அதே போர்ட்டிலிருந்து (தோலுக்கடியில் பொருத்திய ஊசிவழி) ரத்தம் எடுத்தால் அளவு வானத்துக்குப் போகும். 4 மணி ரத்தத்தை 4.25க்கு எடுத்துவிட்டு அட்டவணைப்படி 4.00 என்றே எழுதுவது இன்னொன்று. தாமதம் பிழையில்லை, உண்மையான நேரத்தை எழுதினால் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். பொய்யான நேரத்தை எதுவும் காப்பாற்றாது. சாதா ஸ்டிக்கர் ஒட்டினால் உறைபெட்டியில் உரிந்து விழும். யாருடைய பிளாஸ்மா என்று தெரியாத குப்பி குப்பைக்குத்தான் போகும்.

பக்கவிளைவுக்குத் தரம் போடுவதில் இதைவிட நுட்பம் வேண்டும். இதற்கும் அதே அமெரிக்க நிறுவனத்தின் அட்டவணை உண்டு. அதன் பழைய பதிப்பின்படி பிலிரூபின் உயர்வரம்பைப் போல 3 மடங்கைத் தாண்டினாலே மூன்றாம் தரம், அதாவது கடுமையான பக்கவிளைவு. கடுமைப் பிரிவு நோயாளி மருந்து தொடும் முன்பே அங்கேதான் இருக்கிறார். 2017இல் வந்த 5ஆம் பதிப்பில், தொடக்கமே இயல்புக்கு மேல் இருந்தால் அந்தத் தொடக்க அளவை வைத்து ஒப்பிட வைத்தார்கள். காய்ச்சல் வந்தால் அது வெள்ளணு குறைந்ததாலா, ஸ்டென்ட் அடைத்துப் பித்தக்குழாயில் தொற்றா? மஞ்சள் கூடினால் மருந்தா, கட்டி வளர்ந்ததா? ஸ்கேனையும் பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பரப்பி வைத்துப் பார்க்கிற பொறுமை வேண்டும். இந்தியாவில் தீவிர பாதிப்பு எதுவானாலும் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். காலண்டர் தாளில் கோடு போட்டவளுக்கு இந்தப் பொறுமை ஏற்கெனவே இருக்கிறது.

மறைக்க வேண்டாததையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய கல்லீரல் டோஸ் ஆய்வுகள் நம் நாட்டில் குறைவு. அதை மட்டுமே செய்யும் வேலை என்று ஒன்று இல்லை. அவள் சேர்வது ஆய்வு ஒருங்கிணைப்பாளராகவோ, கீமோ மருந்து கலக்கும் பிரிவில் மருந்தாளுநராகவோ, ரத்த மாதிரிகளை அளக்கும் ஆய்வகத்திலோ இருக்கும். கீமோ மருந்துகளின் ஜெனரிக் வடிவங்களை நோயாளிகளிடமே ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகளிலும் இதே வேலைமுறைதான். தொடக்கச் சம்பளம் சிறியது. அரசுப் பணியிடம் சொற்பம். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம், சீட்டு எழுத முடியாது. கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பாவுக்கு அது போதும். இந்த ஆய்வுகளுக்கு வருகிறவர்களில் பலர் சில மாதங்களே இருப்பார்கள். முதல் சுற்று முடியும் முன்பே போய்விடுகிறவர்களும் உண்டு. அதை அவளிடம் நேராகச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

கல்லூரி தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பார்ம்.டி. நடத்த 300 படுக்கை மருத்துவமனை இணைப்பு கட்டாயம். அந்த மருத்துவமனைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை நீங்களே போய், கீமோ டே கேர் ஓடுகிறதா, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு இருக்கிறதா, கடைசி வருஷம் படிப்பவர்கள் ரவுண்ட்ஸில் டாக்டர்களோடு நிற்கிறார்களா என்று பாருங்கள். கடைசி வருஷப் பயிற்சி 6 மாதம் பொது மருத்துவத்தில். மீதி, மூன்று துறைகளில் 2 மாதம் வீதம். அதில் ஒன்று புற்றுநோய்த் துறையாக இருக்கக் கிடைக்குமா என்று சேரும் முன்பே கேளுங்கள். வகுப்புக்கு 30 பேர்தான் அனுமதி. 6 வருஷக் கட்டணம் மொத்தத்தையும் எழுத்தில் வாங்குங்கள். நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாத கல்விக் கடன் உண்டு, தோட்டத்துப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அந்தக் கடனுக்கு மேல் போகும் கல்லூரி என்றால் பி.பார்ம். சேர்த்துவிடுங்கள். சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளில் அந்தப் படிப்பு இருக்கிறது. பிறகு 3 வருஷத்தில் பார்ம்.டி. முடிக்க வழி உண்டு.

ஏஜென்ட்டிடம் மகளின் பாஸ்போர்ட் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.