மெஸ்ஸி வந்ததால்தான் அமெரிக்காவில் கால்பந்து லீக் பிழைத்ததா?

பேஸ்பால், கூடைப்பந்து, அவர்களுடைய ஃபுட்பால் என்று ஏற்கெனவே நிரம்பி வழியும் ஒரு நாட்டில் சாக்கர், அதாவது நம் கால்பந்து, எப்படி ஒரு தொழிலாக நிலைத்தது, அதற்கு மெஸ்ஸிதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெஸ்ஸி காரணம் இல்லை. 2023 ஜூலையில் அவர் இன்டர் மயாமிக்கு வந்தபோது மேஜர் லீக் சாக்கர், அதாவது எம்.எல்.எஸ்., தன் 28-வது சீசனில் இருந்தது. 29 அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. மெஸ்ஸியைக் கூப்பிடும் தெம்பு அதற்கு எப்படி வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். என்னைக் கேட்டால் முதல் காரணம் சொந்த மைதானம், அடுத்த காரணம் நஷ்டத்தைத் தாங்கிய சில முதலாளிகள். நான் பல வருடங்களாக ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில் வசிக்கிறேன். இந்தக் கதையின் முக்கியமான இரண்டு திருப்பங்கள் எங்கள் ஊரில் நடந்தவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய நட்சத்திரத்தை இறக்கினால் ஆட்டம் தானாக வளரும் என்ற யோசனையை அமெரிக்கா எப்போதோ முயன்று பார்த்துவிட்டது. 1975-ல், அன்றைய வட அமெரிக்க சாக்கர் லீக்கில் ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணி பெலேயைக் கொண்டுவந்தது. இரண்டு வருடத்தில் ஜெர்மனியின் பெக்கன்பவரும் வந்தார். 1977 ஆகஸ்டில் நியூ ஜெர்சியின் ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் ஒரே ஒரு ஆட்டத்துக்கு 77,691 பேர் கூடினார்கள். காஸ்மாஸுக்குப் பின்னால் வார்னர் கம்யூனிகேஷன்ஸின் கஜானா இருந்தது. மற்ற ஊர் முதலாளிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அவர்களும் வயதான ஐரோப்பிய வீரர்களுக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். 1978-ல் 24 அணிகள் வரை பெருத்த அந்த லீக், 1984 சீசனோடு முடிந்துபோனது.

1994 உலகக் கோப்பையை அமெரிக்காவுக்குக் கொடுத்தபோது, முதல்தர லீக் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்ற வாக்குறுதியையும் ஃபிஃபா வாங்கிக்கொண்டது. அப்படிப் பிறந்ததுதான் எம்.எல்.எஸ். 1996 ஏப்ரலில் பத்து அணிகளோடு தொடங்கியது. பழைய லீக் செத்த விதத்தைப் பார்த்தவர்கள் என்பதால் அமைப்பையே வேறு மாதிரி வகுத்தார்கள். வீரர் ஒப்பந்தம் போடுவது கிளப்போடு அல்ல, லீக்கோடு. அணி முதலாளிகள் எல்லோரும் லீக் என்ற ஒரே நிறுவனத்தின் பங்குதாரர்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒருவர் மற்றவரை விட அதிகம் கொடுத்து எல்லோரையும் மூழ்கடிக்க வழியே கிடையாது. வீரர்களுக்கு இது அநியாயம் என்று 1997-ல் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். வீரர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த வருடங்களில் பலர் மிகக் குறைந்த சம்பளத்துக்கு ஆடினார்கள். ஆனால் அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் லீக் ஐந்து வருடம்கூடத் தாண்டியிருக்காது என்பதும் உண்மை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். முதல் மூன்று சீசன் கொலம்பஸ் க்ரூ அணி ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பிரம்மாண்ட மைதானத்தில் ஆடியது. ஏறக்குறைய 90,000 பேர் உட்காரும் இடம். அங்கே 15,000 பேர் வந்தாலும் ஆளே இல்லாத மாதிரித்தான் இருக்கும். டி.வி.யில் பார்ப்பவர் கண்ணுக்குக் காலி வரிசைகள்தான் படும். மற்ற ஊர்களிலும் இதே கதைதான், பலர் அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். அணிகளின் மைதானத்தில் வாடகைக்கு இருந்தார்கள்.

வாடகை மைதானத்தில் டிக்கெட் பணம் வரும். ஆனால் பார்க்கிங், பீர், ஹாட் டாக், விளம்பரப் பலகை, பணக்காரர்கள் உட்காரும் தனி அறைகள் என்று காசு புரளும் இடமெல்லாம் மைதானக்காரர் கையில். தேதியையும் அவர்தான் தர வேண்டும். இலையுதிர் காலத்தில் என்.எஃப்.எல். தொடங்கிவிட்டால் முதல் உரிமை அதற்குத்தான். புல்தரையில் அவர்களுடைய கஜக்கோடுகள் அழியாமல் கிடக்கும், அதன் மேலேயே சாக்கர் ஆட வேண்டும்.

லாமர் ஹன்ட் என்ற டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்துக்காரர்தான் அப்போது க்ரூவின் முதலாளி. என்.எஃப்.எல்.லில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை உருவாக்கியவரும் அவரே. மைதானம் கட்ட வரிப்பணம் தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் மறுத்துவிட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. மாநிலப் பொருட்காட்சித் திடலில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சுமார் 2.85 கோடி டாலரில் தன் பணத்திலேயே கட்டினார். 1999 மே மாதம் திறந்த அந்த க்ரூ ஸ்டேடியம்தான் எம்.எல்.எஸ். அணிக்கென்றே கட்டப்பட்ட முதல் கால்பந்து மைதானம். அலங்காரம் எதுவும் கிடையாது, நீள நீளமான அலுமினிய பெஞ்சுகள்தான். ஆனால் இருபதாயிரம் பேர் எழுந்து குதித்தால் காலுக்குக் கீழே தளம் அதிரும், எதிரணிக்காரருக்குப் பேச்சே கேட்காது. 2001 பிப்ரவரிக் குளிரில் அமெரிக்கா இங்கே மெக்ஸிகோவை 2-0 என்று வென்றது. 2005, 2009, 2013 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டங்களிலும் இதே மைதானம், இதே 2-0. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அந்த ஸ்கோரை ஸ்பானிஷில் சொல்வார்கள்.

வருமானம் தன் கைக்கு வந்ததும், தேதி தன் விருப்பத்தில் அமைந்ததும் மற்ற முதலாளிகளின் கண்ணைத் திறந்தன. 2003-ல் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்குச் சொந்த மைதானம் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் அதுவே லீக்கின் வழக்கமாகிவிட்டது.

ஆனால் அதற்கு முன்பே லீக் மூச்சுவிடாமல் போகப் பார்த்தது. முதல் ஐந்து வருட நஷ்டம் மட்டும் சுமார் 25 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. 2002 ஜனவரியில் டாம்பா பே, மயாமி என்று ஃபுளோரிடாவின் இரண்டு அணிகளையும் மூடினார்கள். மிஞ்சிய பத்து அணிகளில் ஆறு ஒரு கட்டத்தில் ஃபிலிப் ஆன்ஷுட்ஸ் என்ற ஒரே ஆளின் கையில் இருந்தன. ஹன்ட், நியூ இங்கிலாந்து அணியின் முதலாளி ராபர்ட் கிராஃப்ட், ஆன்ஷுட்ஸ் ஆகிய மூவரும் அன்று கையை உதறியிருந்தால் இன்று இந்தக் கேள்வியே வந்திருக்காது. அவர்கள் செய்தது வேறு. சாக்கர் யுனைடெட் மார்க்கெட்டிங் என்று தனி நிறுவனம் தொடங்கி, 2002, 2006 உலகக் கோப்பைகளின் ஆங்கில ஒளிபரப்பு உரிமையைத் தாங்களே வாங்கி டி.வி.யில் ஓட வைத்தார்கள். பிறகு மெக்ஸிகோ தேசிய அணி அமெரிக்க மண்ணில் ஆடும் நட்பு ஆட்டங்களை நடத்தும் வேலையையும் அந்த நிறுவனமே எடுத்துக்கொண்டது. மெக்ஸிகோ எங்கே ஆடினாலும் அரங்கம் நிறையும். சொந்த லீக் சம்பாதிக்காத காலத்தில் அந்தப் பணம் லீக்கைத் தாங்கியது.

2007-ல் இங்கிலாந்தின் நட்சத்திரம் டேவிட் பெக்கம் கேலக்ஸிக்கு வந்தார். உச்சவரம்புக்கு வெளியே சம்பளம் கொடுக்க அவருக்காகவே ஒரு விதி எழுதினார்கள். அவர் ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது: பின்னாளில் 2.5 கோடி டாலருக்கு ஒரு புது அணியை வாங்கிக்கொள்ளலாம். அந்த அணிதான் 2020-ல் களமிறங்கிய இன்டர் மயாமி.

அந்தத் தொகை எவ்வளவு சிறியது என்று புரிய வேண்டுமென்றால், புது அணிகள் லீக்கில் நுழையக் கட்டும் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். 2007-ல் டொரன்டோ கட்டியது 1 கோடி டாலர். 2009-ல் சியாட்டில் 3 கோடி. 2015-ல் நியூயார்க் சிட்டி 10 கோடி. 2022-ல் ஷார்லட் 32.5 கோடி. 2025-ல் முப்பதாவது அணியாக வந்த சான் டியேகோ 50 கோடி. சியாட்டிலில் முதல் வருடமே சராசரியாக 30,000 பேர் வந்தார்கள், அட்லான்டாவில் 2018-ல் சராசரி 53,000. இவை உண்மையான கூட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் கட்டணம் ஐம்பது மடங்கு ஏறியதற்குக் கூட்டம் மட்டும் காரணம் இல்லை. இங்கே தரமிறக்கம் கிடையாது. கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த வருடம் இதே லீக்கில்தான் இருப்பீர்கள். இடங்கள் குறைவு, வாங்க நினைப்பவர்கள் அதிகம். 2023-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை, லாஸ் ஏஞ்சலஸின் இன்னொரு அணியான எல்.ஏ.எஃப்.சி.யை 100 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. பல முதலாளிகளின் லாபம் ஆட்டத்தில் இல்லை, அணியின் விலையில் இருக்கிறது.

இந்த அமைப்பின் கெட்ட பக்கத்தையும் எங்கள் ஊர் பார்த்தது. 2017 அக்டோபரில், அப்போதைய உரிமையாளர் க்ரூவை டெக்சாஸின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று செய்தி வந்தது. முதல் கால்பந்து மைதானம் கட்டிய ஊர், லீக்கின் முதல் பத்து அணிகளில் ஒன்று, எதுவும் கணக்கில் வரவில்லை. 'சேவ் தி க்ரூ' என்று ஓர் இயக்கம் கிளம்பியது. மஞ்சளும் கறுப்புமாகப் பலகைகள் வீட்டுப் புல்வெளிகளில், மதுக்கடைகளில், முடிதிருத்தும் கடைகளில் தெரிந்தன. சாக்கரே பார்க்காத என் அலுவலக நண்பர்கள்கூடச் சட்டையில் அந்தப் பட்டனைக் குத்திக்கொண்டு வந்தார்கள்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு பழைய சட்டம். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் என்ற என்.எஃப்.எல். அணியை அதன் முதலாளி 1990-களில் பால்டிமோருக்குத் தூக்கிப்போனார். அந்த வேதனையில் 1996-ல் ஒஹாயோ ஒரு சட்டம் போட்டது: வரிப்பணத்தின் உதவி பெற்ற அணியை நகர்த்த வேண்டுமானால் ஆறு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும், உள்ளூர்க்காரர்கள் வாங்க வாய்ப்பும் தர வேண்டும். 2018-ல் மாநில அரசும் நகராட்சியும் அதை வைத்து வழக்குப் போட்டன. புது உரிமையாளர்கள் வந்தார்கள். அணியின் மருத்துவராக இருந்தவரின் குடும்பம் ஒன்று, பிரவுன்ஸின் இன்றைய உரிமையாளர்களான ஹாஸ்லம் குடும்பம் இன்னொன்று. ஆஸ்டினுக்கு வேறு புது அணி கிடைத்தது. எங்களுக்கு 2021-ல் நகர மையத்திலேயே புது மைதானம் கிடைத்தது. 2023 டிசம்பரில் அதே மைதானத்தில் எல்.ஏ.எஃப்.சி.யை 2-1 என வென்று க்ரூ கோப்பையை எடுத்தது. ஆனால் இந்தச் சட்டம் ஒஹாயோவில் இருக்கிறது, எல்லா மாநிலங்களிலும் இல்லை. ரசிகர்கள் மட்டும் போராடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது மெஸ்ஸி. அவர் கொண்டுவந்த கூட்டத்தை யாரும் மறுக்க முடியாது. 2024 ஏப்ரலில் கான்சஸ் சிட்டி தன் 18,500 பேர் மைதானத்தை விட்டு ஆரோஹெட் ஸ்டேடியத்துக்கு மயாமியுடனான ஆட்டத்தை மாற்றியது, 72,610 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் க்ரூவும் மயாமி ஆட்டத்தை கிளீவ்லாண்டின் பெரிய மைதானத்தில் நடத்தியது. அவர் ஒப்பந்தத்தில், லீக் ஆட்டங்களை ஒளிபரப்பும் ஆப்பிளின் சந்தா வருமானத்திலும் பங்கு உண்டு. ஒளிபரப்பு உரிமைக்கு ஆப்பிள் 2023 முதல் பத்து ஆண்டுகளுக்கு 250 கோடி டாலர் தரும் என்று அப்போது செய்திகள் வந்தன. ஆனால் தனிச் சந்தா கட்டினால்தான் பெரும்பாலான ஆட்டங்களைப் பார்க்கலாம் என்று வைத்ததால், சும்மா சேனல் மாற்றும்போது கண்ணில் பட்டு ரசிகரானவர்கள் என்ற வகையே இல்லாமல் போயிற்று. 2026 முதல் சாதாரண ஆப்பிள் டி.வி. சந்தாவிலேயே எல்லா ஆட்டமும் வருவது நல்ல திருத்தம். அமெரிக்க டி.வி.யில் பல வருடங்களாக அதிகம் பார்க்கப்பட்ட கால்பந்து லீக் மெக்ஸிகோவினுடையது என்பதை எம்.எல்.எஸ். மறக்கக் கூடாது.

பெண்கள் லீக்கும் இதே பாதையில்தான் வருகிறது. 1999 உலகக் கோப்பை இறுதிக்கு 90,185 பேர் வந்த நாட்டில் இரண்டு பெண்கள் லீக்குகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. 2013-ல் தொடங்கிய மூன்றாவது லீக் நிலைத்தது. 2024-ல் கான்சஸ் சிட்டியில் 11,500 இருக்கைகளோடு, பெண்கள் அணிக்கென்றே கட்டிய மைதானம் திறந்தது. அங்கேயும் சொந்த இடம் வந்த பிறகுதான் முதலீடு பெருகுகிறது.

எனக்கு மிச்சமிருக்கும் கவலை குழந்தைகளைப் பற்றியது. இங்கே பிள்ளை நல்ல கிளப்பில் சாக்கர் ஆட வேண்டுமென்றால் பெற்றோர் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கட்ட வேண்டும். சீருடை, வெளியூர்ப் போட்டி, ஹோட்டல் எல்லாம் தனி. எம்.எல்.எஸ். அணிகளின் பயிற்சி அகாடமிகளில் பெரும்பாலும் காசு கேட்பதில்லை, ஆனால் அங்கே தேர்வாகும் வயதுக்கு முன்பே வசதியில்லாத பிள்ளைகள் வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள். ஆல்ஃபான்சோ டேவிஸ் கானாவின் அகதி முகாமில் பிறந்தவர். கனடாவின் எட்மன்டனில் பணம் வாங்காத பள்ளிக்கூட லீக்கில் ஆடித்தான் கண்ணில் பட்டார். எம்.எல்.எஸ். அணியான வான்கூவரின் அகாடமி அவரைச் சேர்த்துக்கொண்டது, 2018-ல் பல கோடி டாலருக்கு ஜெர்மனியின் பயர்ன் மூனிக் வாங்கியது. ஒரு அணிக்கு வருடத்தில் சொந்த ஊரில் 17 லீக் ஆட்டம்தான். மற்ற நாட்களில் பெரும்பாலும் அந்த மைதானங்கள் பூட்டியே கிடக்கின்றன. எட்மன்டன் மாதிரி இலவச லீக் ஒன்றை ஒவ்வொரு கிளப்பும் தன் ஊரில் நடத்த வேண்டும் என்று லீக் விதியே போடலாம். 50 கோடி டாலர் நுழைவுக் கட்டணம் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய செலவு இல்லை.