அமெரிக்காவுல டெலஸ்கோப் சல்லிசு, ஆனா கார்டு வட்டி?

கேள்வி: கோவையில வேலை, சம்பளம் 58,000. போன வருஷம் சீஸ்டார் எஸ்50 ஸ்மார்ட் டெலஸ்கோப்ப அமெரிக்க சைட்ல என் கிரெடிட் கார்டு போட்டு 500 டாலருக்கு வாங்கினேன், நியூஜெர்சி மச்சான் கொண்டு வந்து குடுத்தார். இங்க கடையில 68,000 சொன்னாங்க, எனக்கு டாக்ஸ் எல்லாம் சேத்து 49,000 தான் ஆச்சு. 14 மாசமா மினிமம் ட்யூ கரெக்டா கட்டறேன், ஆனா பாக்கி கொறையவே மாட்டேங்குது. இப்ப அதோட சின்ன மாடல் எஸ்30 350 டாலர்னு பாத்தேன், மச்சான் டிசம்பர்ல வர்றார். வாங்கிடவா? 80,000 எஃப்டி இருக்கு, அத தொட மனசு வரல.

பதில்: 19,000 மிச்சம் பிடிச்சேன்னு நினைக்கறீங்க, கணக்க பாருங்க. மாசம் 3.5% வட்டின்னு வச்சா, அது மேல ஜிஎஸ்டி, 49,000க்கு மாசம் 2,000 ஆச்சு. நீங்க கட்டற மினிமம், பாக்கியில 5%னா, 2,450. அசல்ல கழியறது 400 சொச்சம்! 14 மாசத்துல சுமாரா 32,000 கட்டியிருப்பீங்க, இன்னும் 43,000 நிக்கும், ஆக மொத்தம் 75,000. இங்க கடையிலயே வாங்கி வாரண்டியோட வச்சிருக்கலாம். இதுல மச்சான் வீட்டு விசேஷத்துக்கு ஒரு கிராம் தங்கக் காசு போட்டிருந்தா அது ஒரு 10,000க்கு மேல, அத கூரியர் சார்ஜ்ல எழுதிக்கோங்க.

இன்னொன்னு, பாக்கி வச்சிட்டு அதே கார்டுல மளிகை, பெட்ரோல் போட்டா அதுக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும், 45 நாள் சலுகையெல்லாம் முழுசா கட்டறவங்களுக்குத்தான்.

அப்புறம் இந்த ஸ்மார்ட் ஸ்கோப் மோகம். 2020 வாக்குல இந்த மாதிரி தானா தேடி போட்டோ எடுக்கற ஐட்டமெல்லாம் 3,000 டாலர் ரேஞ்சுல இருந்துச்சு, 2023ல எஸ்50 வந்து 500க்கு இறக்கிச்சு, அப்புறம் எஸ்30 அதையும் விட கம்மி. இப்படி விலை சரியற பொருள கடன்ல வாங்கினா கடன் முடியறதுக்குள்ள பொருளோட மதிப்பு பாதியாயிடும். சீன சாமானுக்கு அமெரிக்கா 2025ல வரி போட்டப்போ அங்கயும் பழைய சல்லிசு ஆட்டம் கண்டுச்சு. தவிர, கையில 50 மி.மீ லென்ஸ் இருக்கு, 30 மி.மீ வாங்கி என்ன பண்ணப் போறீங்க? வெளிச்சம் மூணுல ஒரு பங்குதான் சேரும். வானம் அகலமா தெரியும்பீங்க, சரி, அதுக்கு இன்னொரு கடனா? நோ காஸ்ட் இஎம்ஐன்னு யாராவது சொன்னா ப்ராசஸிங் ஃபீ எவ்வளவு, வட்டிக்கு ஜிஎஸ்டி எவ்வளவு, ரொக்கமா குடுத்தா டிஸ்கவுன்ட் எவ்வளவுன்னு மூணையும் கேளுங்க, சத்தம் போயிடும்.

எஃப்டி ஒரு 7% குடுக்குதுன்னே வச்சாலும், கார்டு ஜிஎஸ்டியோட வருஷத்துக்கு 49%க்கு மேல புடுங்குது. திங்கக்கிழமையே எஃப்டிய உடைச்சு 43,000ஐ கட்டுங்க, மிச்சம் 37,000 அப்படியே அவசரத்துக்கு இருக்கட்டும், கட்டிட்டு வந்த 2,450ஐ ஆர்டியில போடுங்க. மச்சான்கிட்ட டிசம்பர்ல ஒன்னும் வேணாம்னு இப்பவே சொல்லிடுங்க, ஏர்போர்ட்ல இருந்து போன் பண்ணி கேட்டா மனசு மாறிடும். அடுத்த ஸ்டேட்மென்ட்ல, பில் தேதியில இருந்து நீங்க கட்டற நாள் வரைக்கும் ஓடின மிச்ச வட்டின்னு ஒரு சின்ன தொகை வரும், கட்டினதுக்கப்புறமும் ஏன்னு சண்டைக்குப் போகாம அதையும் முழுசா கட்டிடுங்க.